மூளை வேறு, திரை வேறு: ஸ்மார்ட் ரீவிக்குப் பதிலாகப் பெரிய டிஸ்பிளே வாங்க நினைப்பவர்களுக்கு

தர்மபுரத்தில் ஒரு ரியூசன் கொட்டில். தகரக் கூரை, அரைச் சுவர், உள்ளே 60 பிள்ளைகள் அளவில் இருப்பார்கள். சாதாரணதரப் பரீட்சைக்கு மூன்று கிழமை இருக்கும்போது மாஸ்ரர் 55 அங்குல ஸ்மார்ட் ரீவி ஒன்றை வாங்கினார். மாட்டிக் கொடுத்தவன் நான். இதயத்தில் இரத்தம் ஓடுகிற விதத்தை அவர் லப்ரொப்பில் இருந்து காட்டிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. பத்து நிமிடத்தில் திரும்பி வந்தது. ரீவி எழும்பவில்லை, சிவப்பு லைற் மட்டும் எரிந்தது. றிமோட்டைத் தேடி எடுத்து எழுப்பினால், முதலில் இன்ரநெற் இணைக்கச் சொன்னது. பிறகு புதிய நிபந்தனைகளுக்குச் சம்மதமா என்று கேட்டது. பிறகு படங்களும் விளம்பரங்களும் நிறைந்த முகப்பைக் கொண்டுவந்து நிறுத்தியது. லப்ரொப்பின் படம் திரும்பி வருவதற்குள் பாட நேரம் முடிந்துவிட்டது.

"தம்பி, இதைப் படம் காட்டத்தானே வாங்கினது? ஏன் என்னட்ட இவ்வளவு கேள்வி கேக்குது?" என்றார் மாஸ்ரர்.

அவர் கேட்டது சரியான கேள்வி. அவர் திரை வாங்கப் போய், திரைக்குள் பூட்டி வைத்த ஒரு கொம்பியூட்டரை வாங்கி வந்திருந்தார். அந்தக் கொம்பியூட்டருக்குத் தனியான விருப்பங்கள் உண்டு. அதைக் கழற்றவும் முடியாது.

வன்னியில் வளர்ந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். யுத்த காலத்தில் ஜெனரேற்றர் வாடகைக்கு எடுத்து, ஒரு சின்ன ரீவியையும் வீடியோ கசெற் ஓட்டுகிற டெக்கையும் முற்றத்தில் வைத்து ஒழுங்கையே படம் பார்த்தது பலருக்கு நினைவிருக்கும். டெக் பழுதானால் டெக்கைத்தான் திருத்தக் கொடுத்தோம், ரீவி இருந்த இடத்திலேயே இருந்தது. மூளை வேறாகவும் திரை வேறாகவும் இருந்ததால் அது முடிந்தது. இப்போது இரண்டையும் ஒட்டி விற்கிறார்கள். நல்ல எல்சிடி திரை எட்டு, பத்து வருடம் உழைக்கும். உள்ளே இருக்கும் ஸ்மார்ட் பகுதி அவ்வளவு காலம் உழைக்காது. 2019 டிசம்பரில் நெட்பிளிக்ஸ் சில பழைய ரீவி மாதிரிகளில் வேலை செய்வதை நிறுத்தியது. அந்த ரீவிகளின் திரையில் எந்தக் குறையும் இருக்கவில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிது. பல ஸ்மார்ட் ரீவிகள் திரையில் ஓடுவதைச் சிறு சிறு துண்டாகப் படமெடுத்து, அடையாளக் குறியாக்கி, கொம்பனியின் கொம்பியூட்டருக்கு அனுப்புகின்றன. நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்று கண்டுபிடித்து அதற்கேற்ற விளம்பரம் காட்டுவதற்காக இந்த ஏற்பாடு. 2017 இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் விசியோ நிறுவனத்தின் மீது இதற்காகவே வழக்குப் போட்டது. 1 கோடி 10 இலட்சம் ரீவிகளில் இருந்து சம்மதம் கேட்காமல் தகவல் எடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 22 இலட்சம் டொலர் கட்டி அந்த வழக்கு தீர்ந்தது. 2024 இல் ஐரோப்பிய, அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சம்சுங், எல்ஜி ரீவிகளைச் சோதித்தபோது, லப்ரொப்பின் படத்தை ரீவிக்குக் கொண்டுவருகிற எச்டிஎம்ஐ வயரைச் செருகி, ரீவியை வெறும் திரையாகப் பாவித்தாலும் இந்தப் படமெடுப்பு நடப்பதைக் கண்டார்கள். செற்றிங்கில் அதை நிறுத்தினால் நின்றுவிடுகிறது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

எங்கள் வீடுகளில் லப்ரொப்பை ரீவியில் செருகி என்ன பார்க்கிறோம்? கலியாண வீட்டு வீடியோ, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பிய படங்கள், இல்லாமற் போனவர்களின் பழைய படங்கள். யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று எழுதப்பட்ட காலத்தை வாழ்ந்து கடந்த ஊர் இது. கூடத்துச் சுவரிலும் ஒரு குறிப்பெடுப்பு தேவையில்லை.

இனி விசயத்துக்கு வருவோம். ஸ்மார்ட் ரீவிக்குப் பதிலாக வாங்கக்கூடியவை பொதுவாக மூன்று வகை. முதலாவது கொமர்ஷல் டிஸ்பிளே. வங்கியில் வட்டி வீதம் ஓடுகிற, விமான நிலையத்தில் நேரம் காட்டுகிற திரை அதுதான். நீண்ட நேரம் எரியவென்றே செய்யப்பட்டது. இரண்டாவது 43 அங்குலம் அளவிலான பெரிய கொம்பியூட்டர் மொனிற்றர். மூன்றாவது ஹோட்டல் அறைகளுக்கென்று விற்கிற ரீவி. இதில் அன்ரெனா செருகும் இடமும் இருக்கும், வீட்டு ரீவியை விடக் கட்டுப்பாடு கூடவும் இருக்கும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. "கொமர்ஷல்" என்று எழுதியிருந்தால் உள்ளே மூளை இல்லை என்று அர்த்தமில்லை. சம்சுங்கின் கொமர்ஷல் திரைகளில் ரைசனும், எல்ஜியில் வெப்ஓஎஸ்ஸும் இருக்கின்றன, இரண்டும் அவர்களின் ஸ்மார்ட் ரீவிகளை இயக்குகிற அதே மென்பொருள்கள். வித்தியாசம் என்னவென்றால், அதை ஒதுக்கி வைத்துவிட்டு எச்டிஎம்ஐ படத்தை மட்டும் காட்டச் சொல்லிப் பூட்டலாம். சொன்னபடி கேட்கும்.

முதலாம் படி: உங்களுக்கு இது தேவையா என்று பாருங்கள்

வீட்டில் பின்னேரம் இரண்டு மணித்தியாலம் டிஷ்ஷில் நாடகமும் செய்தியும் பார்ப்பதுதான் வேலை என்றால் கொமர்ஷல் டிஸ்பிளே வாங்காதீர்கள். அதே அளவு வீட்டு ரீவியை விட விலை கணிசமாகக் கூட, சில நேரம் இரட்டிப்பு. சாதாரண ரீவியை வாங்கி இன்ரநெற்றில் இணைக்காமல் வைத்திருங்கள். அது போதும்.

ரியூசன் நிலையம், முன்பள்ளி, சனசமூக நிலையம், கூட்டுறவுச் சங்கக் கடை, மருந்துக் கடை, கோயில் அன்னதான மண்டபம், சாப்பாட்டுக் கடை என்று ஒரு நாளைக்கு ஆறு, எட்டு மணித்தியாலம் எரிகிற இடங்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. வீட்டு ரீவியின் உத்தரவாதப் பத்திரத்தைப் பொறுமையாக வாசித்தால், கடையிலோ நிறுவனத்திலோ பாவித்தால் உத்தரவாதம் செல்லாது என்ற வரி பெரும்பாலும் இருக்கும். அதை யாரும் வாசிப்பதில்லை, பழுதான பிறகு கடைக்காரர் வாசித்துக் காட்டுவார்.

இரண்டாம் படி: பேப்பரை ஒட்டிப் பாருங்கள்

அளவைக் கடையில் நின்று தீர்மானிக்க வேண்டாம். கடையில் எல்லாத் திரையும் பெரிதாகத்தான் தெரியும். பழைய பேப்பர்களைச் சேர்த்து ஒட்டித் திரையின் அளவுக்கு வெட்டி, சுவரில் வைத்துப் பாருங்கள். 43 அங்குலம் என்றால் 95 சென்ரிமீற்றர் அகலமும் 54 உயரமும். 55 அங்குலம் 122க்கு 69. 65 அங்குலம் 144க்கு 81. 75 அங்குலம் 166க்கு 93.

படம் பார்ப்பதும் எழுத்து வாசிப்பதும் ஒன்றல்ல. எழுத்து வாசிக்க வேண்டுமென்றால், கடைசி வாங்கில் இருக்கிற பிள்ளைக்கும் திரைக்கும் உள்ள தூரம் திரையின் உயரத்தைப் போல ஆறு மடங்குக்கு மேல் போகக்கூடாது. அப்படிக் கணக்குப் பார்த்தால் 55 அங்குலத் திரை 13 அடிக்கும், 65 அங்குலம் 16 அடிக்கும், 75 அங்குலம் 18 அடிக்கும் சரி. கணிதம், இரசாயனம் போல நுணுக்கமான குறியீடுகள் வந்தால் நான்கு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 அடி நீளமான கொட்டிலுக்கு ஒரு பெரிய திரையை விட, முன்னுக்கு ஒன்றும் நடுவில் தூணோடு ஒன்றுமாக இரண்டு நடுத்தரத் திரை நல்லது. எச்டிஎம்ஐ ஸ்பிளிற்றர் என்ற சின்னப் பெட்டி ஒரே படத்தை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும்.

மூன்றாம் படி: வெளிச்சம்

எங்கள் கட்டடங்கள் திறந்தவை. அரைச் சுவருக்கு மேலால் வெயில் நேரே உள்ளே வரும். புறொஜெக்ரர் இங்கே அடிபட்டுப் போவதற்கு அதுதான் காரணம். பகல் 11 மணிக்கு வெள்ளைத் துணியில் சாம்பல் நிறம்தான் தெரியும்.

திரையின் வெளிச்சத்தை நிட்ஸ் என்ற அலகில் எழுதுவார்கள். மலிவான வீட்டு ரீவிகள் 200 முதல் 300 வரை. கொமர்ஷல் திரைகள் 350, 500, 700 என்று இருக்கும். மூடிய அறைக்கு 350 போதும், அரைச் சுவர்க் கொட்டிலுக்கு 500 பாருங்கள். வெயில் நேரே படுகிற கடைக் கண்ணாடிக்கு 2,500க்கு மேல் வேண்டும், அதன் விலையும் கரண்ட் செலவும் ஒரு சிறு கடைக்குத் தாங்காது. திரையைத் திருப்பி வையுங்கள்.

நிட்ஸைப் பார்த்துவிட்டு முகப்பைப் பார்க்க மறந்துவிடுவார்கள். பளபளக்கிற முகப்பில் வாசலும் வானமும் தெரியும், எழுத்துத் தெரியாது. கொமர்ஷல் திரைகளில் மங்கல் பூச்சு கூட இருக்கும். கடையில் திரையை நிறுத்திவிட்டு முன்னுக்கு நில்லுங்கள். உங்கள் முகம் கண்ணாடியில் போலத் தெளிவாகத் தெரிந்தால் அது கொட்டிலுக்குச் சரிவராது.

நான்காம் படி: தரவுத் தாளை வாசியுங்கள்

மாதிரி எண்ணை எழுதி எடுத்து, உற்பத்தி நிறுவனத்தின் தளத்தில் அதற்கான தரவுத் தாளைத் தேடுங்கள். விற்பனையாளர் சொல்வதை விட அந்த இரண்டு பக்கம் பெறுமதி. முதலில் பார்க்க வேண்டியது 16/7 அல்லது 24/7 என்ற குறி. ஒரு நாளைக்கு 16 மணித்தியாலம், கிழமையில் 7 நாளும் எரியலாம் என்பது முதலாவதின் அர்த்தம். உதாரணமாக, சம்சுங்கின் கியூபி-ஆர் வரிசை 350 நிட்ஸ், 16/7. கியூஎம்-ஆர் வரிசை 500 நிட்ஸ், 24/7. எங்கள் ரியூசன் நிலையத்துக்கோ கடைக்கோ 16/7 தாராளம். 24/7க்கு வீணாகக் காசு கொடுக்க வேண்டாம்.

அடுத்தது, கரண்ட் போய் வந்தால் என்ன செய்யும் என்பது. "ஓட்டோ பவர் ஒன்" அல்லது "கடைசி நிலைக்குத் திரும்பு" என்ற வசதி இருக்க வேண்டும். கரண்ட் வந்தவுடன் தானாக எழும்பி, இருந்த எச்டிஎம்ஐக்கே திரும்ப வேண்டும். வன்னியில் இருக்கிறவருக்கு இந்த ஒரு வரி 4கே என்ற கூடிய படத் துல்லியத்தை விட முக்கியம். கடையிலேயே சோதியுங்கள்: படம் ஓடும்போது பிளக்கைக் கழற்றி, அரை நிமிடம் விட்டுத் திரும்பச் செருகுங்கள். றிமோட்டைத் தொடாமல் படம் வந்தால் வாங்கலாம்.

எச்டிஎம்ஐ துளை குறைந்தது இரண்டு வேண்டும். 4கே திரை என்றால் அது எச்டிஎம்ஐயின் 2.0 பதிப்பாக இருக்க வேண்டும். 1.4 என்றால் 4கேயில் செக்கனுக்கு 30 படம்தான் வரும், மவுஸை அசைத்தால் இழுபடும்.

அன்ரெனா செருகும் இடம் அநேகமான கொமர்ஷல் திரைகளில் கிடையாது. கூரையில் கம்பி அன்ரெனா வைத்து ரூபவாகினியும் வசந்தமும் பார்க்கிறவர்கள் இதைக் கவனியுங்கள். டிஷ் பெட்டியில் எச்டிஎம்ஐ இருந்தால் பிரச்சினையில்லை. பழைய பெட்டியில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் மட்டும் இருந்தால் அதை எச்டிஎம்ஐ ஆக்குகிற சின்ன மாற்றி தனியாக வாங்க வேண்டும்.

சத்தம்: சில திரைகளில் ஸ்பீக்கரே இல்லை. இருந்தாலும் 10 வாற்ஸ் அளவில்தான் இருக்கும், அது தகரத்தில் விழும் மழைக்கு முன் எடுபடாது. ஓடியோ வெளியேறும் துளை இருக்கிறதா என்று பாருங்கள். மைக்குக்கு இருக்கிற அம்பிளிபயரில் அதைச் செருகலாம். நிற்கிற கால் பெட்டிக்குள் வராது என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்.

ஓஎல்ஈடி திரையைத் தவிருங்கள். படம் அழகுதான். ஆனால் கடைப் பெயரோ விலைப்பட்டியலோ நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்றால் அதன் தடம் திரையில் நிரந்தரமாகப் பதிந்துவிடும்.

ஐந்தாம் படி: மூளையைத் தெரிவு செய்யுங்கள்

சனசமூக நிலையத்தில் அறிவித்தலும் படங்களும் மட்டும் ஓட வேண்டுமென்றால் மூளையே வேண்டாம். பல கொமர்ஷல் திரைகள் பென்ட்ரைவில் இருக்கும் வீடியோவையும் படத்தையும் தாமாகவே சுற்றிச் சுற்றி ஓட்டும். வாங்க முதல் உங்கள் பென்ட்ரைவில் ஒரு எம்பி4 வீடியோ கொண்டுபோய்ச் செருகிப் பாருங்கள்.

பாடம் படிப்பிக்க லப்ரொப் போதும். திரை உடைந்த பழைய லப்ரொப் ஒன்று வீட்டில் கிடந்தால் அதுதான் மிகச் சிறந்த மூளை, ஏனென்றால் அதற்குள் பற்றரி இருக்கிறது. கரண்ட் போனாலும் பாடம் இருந்த பக்கத்திலேயே நிற்கும். கையடக்கமான மினி கொம்பியூட்டரும் நல்லது. கொம்பியூட்டரில் ஆர்வமுள்ள பெடியள் இருந்தால் ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கொம்பியூட்டரை வாங்கிக் கொடுங்கள். 5 வோல்ற்றில் ஓடும், சோலர் பற்றரியில் இருந்தும் மாற்றி வைத்துக் கொடுக்கலாம். கிளிநொச்சி அறிவியல் நகரிலும் வவுனியாவிலும் பல்கலைக்கழகப் பிள்ளைகள் இருக்கிறார்கள், கேட்டால் சந்தோசமாகச் செய்து தருவார்கள்.

பெயர் தெரியாத மலிவான அன்ட்ரொயிட் பெட்டிகளை மட்டும் வாங்காதீர்கள். "எல்லாச் சனலும் இலவசம்" என்று விற்கப்படுகிறவற்றில் கணிசமானவை கெடுதலான மென்பொருளோடேயே பெட்டிக்குள் இருந்து வருகின்றன. 2025 யூன் மாதம் அமெரிக்காவின் எஃப்பிஐ, இப்படிப்பட்ட பெட்டிகளில் பரவிய "பாட்பொக்ஸ் 2.0" என்ற கெடுதலான மென்பொருள் வலையைப் பற்றிப் பகிரங்க எச்சரிக்கை விட்டது. உங்கள் வீட்டு இன்ரநெற்றைப் பிறர் களவான வேலைகளுக்குப் பாவிக்க அவை வழிவிடுகின்றன. ஸ்மார்ட் ரீவியை ஒதுக்கிவிட்டு இதை வாங்கி வைப்பது வாசலைப் பூட்டிவிட்டுப் படலையைத் திறந்து விடுவது போல.

ஆறாம் படி: கரண்ட்

இங்கே கொஞ்சம் கூட நேரம் எடுங்கள். வன்னியில் திரைகள் பழுதாவதற்கு நான் கண்ட முதற்காரணம் கரண்ட்தான், திரையின் தரம் அதற்குப் பிறகுதான்.

திரையின் பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் தாளை வாசியுங்கள். "100-240 வோல்ற்" என்று இருந்தால் வோல்ற்றேஜ் குறைவதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம், 180க்கு இறங்கினாலும் அது சமாளிக்கும். ஆகவே பெரிய ஸ்ரெபிலைசருக்குக் காசு கொடுக்க முதல் அந்த வரியைப் பாருங்கள். ஆபத்து மறுபக்கத்தில் இருக்கிறது. கரண்ட் போய்த் திரும்பி வருகிற கணத்திலும் இடி இறங்கும்போதும் வருகிற திடீர் உதைப்புத்தான் திரையின் பவர் போட்டைக் கொல்கிறது. அதற்கு நல்ல சேர்ஜ் புறொட்டெக்ரர் வேண்டும். அது ஒழுங்காக வேலை செய்ய, சோக்கட்டில் எர்த் இருக்க வேண்டும். பல கொட்டில்களில் எர்த் வயர் சோக்கட் வரைக்கும் வந்திருக்கும், நிலத்தில் கம்பி அடித்திருக்காது. வயரிங் செய்கிறவரைக் கூப்பிட்டுச் சோதிப்பியுங்கள். ட்ரிப் சுவிச்சின் ரெஸ்ற் பொத்தானையும் அமத்திப் பாருங்கள்.

ஒக்ரோபர், நவம்பரில் பின்னேர இடி தொடங்கிவிட்டால் எந்தக் கருவியையும் நம்ப வேண்டாம். பிளக்கைக் கழற்றுங்கள். பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு டிஷ் வயரை விட்டுவிடுவார்கள். கூரையில் இருக்கும் டிஷ்ஷில் இருந்து வயர் வழியாக டிஷ் பெட்டிக்கும், அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாகத் திரைக்கும் வந்து சேரும். முள்ளியவளைப் பக்கம் ஒரு வீட்டில் பிளக் மேசையில் கிடக்கத்தக்கதாகவே திரையின் எச்டிஎம்ஐ போட் கருகிப் போனதைப் பார்த்தேன். டிஷ் வயரையும் கழற்றுங்கள், ரவுட்டர் வயரையும் கழற்றுங்கள்.

2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பற்றரியில் ஓட்டுவதென்றால் கணக்கு இப்படி: 55 அங்குலத் திரை 120 வாற்ஸ், மினி கொம்பியூட்டர் 15 வாற்ஸ், இன்வேற்றரில் போகிற நட்டத்தோடு 150 என்று வைப்போம். 12 வோல்ற், 100 அம்பியர்-மணி பற்றரியில் 1,200 வாற்-மணி இருக்கிறது. சாதாரண ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கக்கூடாது என்பதால் 600தான் பாவிக்கலாம். அது நான்கு மணித்தியாலம். வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தால் ஐந்துக்கும் இழுக்கலாம். கடையில் விற்கிற சிறிய யூபிஎஸ் பத்து நிமிடம் அளவில்தான் தாங்கும், அதை மூளைக்கு மட்டும் கொடுங்கள்.

மாதச் செலவு: 120 வாற்ஸ் திரை ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம் எரிந்தால் ஏறக்குறைய 1 அலகு. 25 நாளைக்கு 25 அலகு. வீட்டு மீற்றரில் ஓடுகிற ரியூசன் என்றால், இந்த 25 அலகு உங்களை அடுத்த கட்டண எல்லைக்குத் தள்ளுமா என்று பழைய பில்லைப் பார்த்துக் கணியுங்கள்.

ஏழாம் படி: வாங்குவதும் கொண்டு வருவதும்

கொமர்ஷல் திரைகளை ரீவிக் கடையில் காட்சிக்கு வைத்திருக்க மாட்டார்கள். உற்பத்தி நிறுவனங்களின் உள்ளூர் முகவர்களிடம், அலுவலகங்களுக்கு விற்கும் பிரிவில், எழுத்தில் விலை கேளுங்கள். வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள கடைக்காரர் வரவழைத்துத் தருகிறேன் என்றால், விலை கொஞ்சம் கூடினாலும் எனக்கு அதுதான் விருப்பம். பழுதானால் 75 அங்குலத் திரையைக் கொழும்புக்கு ஏற்றி இறக்குவது லேசான காரியமில்லை. உத்தரவாதக் காலத்தில் ஆள் இடத்துக்கு வருவாரா, நாங்கள் கொண்டுபோக வேண்டுமா என்பதை விலைக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள்.

பாவித்த திரைகளும் வருகின்றன, பெரிய அலுவலகங்கள் மாற்றும்போது கழித்தவை. பயப்படத் தேவையில்லை, பார்த்து வாங்கினால் நல்ல இலாபம். இவற்றின் மெனுவில், அல்லது சேர்விஸ் மெனுவில், எத்தனை மணித்தியாலம் எரிந்தது என்ற கணக்கு இருக்கும், மோட்டச்சைக்கிளின் மீற்றர் மாதிரி. 20,000 என்று இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், 40,000க்கு மேல் என்றால் விட்டுவிடுங்கள். முழு வெள்ளை, முழுக் கறுப்பு, முழுச் சாம்பல் என்று மூன்று படங்களைப் பென்ட்ரைவில் கொண்டுபோங்கள். வெள்ளையில் மஞ்சள் திட்டு, கறுப்பில் மூலை வெளிச்சம், சாம்பலில் பழைய எழுத்தின் தடம் தெரிகிறதா என்று ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். றிமோட் இல்லாத திரையை வாங்க வேண்டாம்.

ஏ9 வீதியால் கொண்டு வரும்போது பெட்டியை நிமிர்த்தியே வையுங்கள். படுக்க வைத்து மேலே அரிசி மூட்டை ஏற்றினால் திரைக்குள் விரிசல் விழும். வீட்டில் எரிய வைத்த பிறகுதான் அது தெரியும், அப்போது லொறி போயிருக்கும்.

எட்டாம் படி: மாட்டுவது

அரைச் சுவர்க் கொட்டிலில் மாட்ட இடமில்லை. வெல்டிங் கடையில் பெட்டிக் குழாயில் சில்லு வைத்த நிலைச்சட்டம் செய்வியுங்கள். பாடம் முடிய உருட்டி உள்ளறையில் வைத்துப் பூட்டலாம். அடி அகலமாக இருக்கட்டும், சின்னப் பிள்ளைகள் ஓடித் திரியும் இடம்.

கல் சுவர் என்றால் சீமெந்துக் கல்லின் பொந்துப் பகுதியில் ஆணி இறங்காமல் பாருங்கள். 55 அங்குலத் திரை 20 கிலோ அளவில் வரும், இன்னும் பெரியவை இரண்டு பேர் தூக்க வேண்டியவை. பின்னால் உள்ள நான்கு திருகாணித் துளைகளின் இடைவெளி 200, 400, 600 மில்லிமீற்றர் என்று தரவுத் தாளில் இருக்கும். அதற்கேற்ற தாங்கியை வாங்குங்கள். திருகாணி எம்6 அல்லது எம்8. நீளம் கூடினால் உள்ளே போய்த் திரையைக் குத்திவிடும். திரையை நிலைக்குத்தாகத் திருப்பி மாட்டுவதென்றால், அதற்கு அனுமதி உண்டா என்று முதலில் வாசியுங்கள்.

பெரும்பாலான திரைகள் 40 பாகை செல்சியஸ் வெப்பம் வரைதான் தாங்கும். சித்திரை வெயிலில் தகரத்துக்கு அடியில் அது சுலபமாக வந்துவிடும். கூரைக்குக் கிட்டக் கொண்டு போகாமல் இறக்கி மாட்டுங்கள், பின்னால் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். சோளகக் காற்றுக்கு வருகிற செம்புழுதியை மாதம் ஒருமுறை வறண்ட தூரிகையால் தட்டுங்கள். முகப்பை ஈரத் துணியாலும் கண்ணாடி துடைக்கும் திரவத்தாலும் துடைக்க வேண்டாம். பாவிக்காத எச்டிஎம்ஐ துளைகளில் ரேப் ஒட்டுங்கள், குளவி மண்கூடு கட்டும். மாரியில் ஈசல் வெளிச்சத்துக்கு வந்து குவியும் நேரம் அரை மணித்தியாலம் திரையை நிறுத்திவிடுங்கள்.

எச்டிஎம்ஐ வயர் 5 மீற்றருக்குள் என்றால் சாதாரணமானது போதும். அதற்கு மேல் 4கே படம் விட்டு விட்டு வரும். நீளம் வேண்டுமென்றால் ஒப்ரிக்கல் எச்டிஎம்ஐ வயர் கேளுங்கள். எலிக்காக அதைக் குழாய்க்குள் விடுங்கள்.

ஒன்பதாம் படி: முதல் நாள் செற்றிங்

தொடங்கும்போது இன்ரநெற் கேட்டால் தாண்டிச் செல்லுங்கள். எழும்பும்போது வர வேண்டிய இன்புட்டை எச்டிஎம்ஐ 1 என்று பூட்டுங்கள். தானாக எழும்பும், தானாக நிற்கும் நேரத்தைப் போடுங்கள். படத்தின் ஓரம் வெட்டுப்பட்டால் பட அளவை "ஸ்கிரீன் பிற்" அல்லது "ஜஸ்ற் ஸ்கான்" என்று மாற்றுங்கள். எழுத்து மங்கலாக இருந்தால் அந்த இன்புட்டின் பெயரைப் "பிசி" என்று வையுங்கள், உடனே தெளியும். வெளிச்சத்தை 100இல் விடாதீர்கள், கண்ணுக்குப் போதுமான அளவில் வைத்தால் திரையும் நீண்டகாலம் உழைக்கும்.

ஏற்கனவே ஸ்மார்ட் ரீவி வாங்கிவிட்டவர்கள் அதை விற்க வேண்டாம். மாஸ்ரரும் விற்கவில்லை. ரீவியை முழுதாகப் பழைய நிலைக்கு மீட்டு, நிபந்தனைப் பக்கங்களில் கட்டாயமானதை மட்டும் ஏற்று, வைபையில் இணைக்காமல் விட்டோம். இணைத்தே ஆக வேண்டுமென்றால் நிறுத்த வேண்டியவை: சம்சுங்கில் "வியூவிங் இன்போமேசன் சேர்விசஸ்", எல்ஜியில் "லைவ் பிளஸ்", சில சொனி ரீவிகளில் "சம்பா". மெனுவில் உள்ளே தள்ளித்தான் வைத்திருப்பார்கள், தேடுங்கள்.

எல்லாம் முடிந்தபின் ஒரு கடதாசியில் மாதிரி எண், மாட்டிய திகதி, அன்றைய மணிக் கணக்கு, திருகாணியின் அளவு, எந்த இன்புட்டில் என்ன இருக்கிறது என்பவற்றை எழுதித் திரையின் பின்னால் ஒட்டிவிடுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் பழுது பார்க்க வருகிறவர் முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.